பன்னிரண்டு ஆமாங்க

கடன் கொடுக்கிற தொழிலில் கொடுப்பது சுலபம், திருப்பி வாங்குவதும் ஒருவழியாக நடந்துவிடும். நடுவில் விளக்கிச் சொல்வது இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்றுவிடும்.

நான் விருத்தாசலத்தில், பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கள அலுவலர். கம்பெனி பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். தவணைத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறவர்களே, 'இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது' என்ற குரலைக் கேட்டதும் தானாக நிமிர்ந்து உட்காருகிறவர்களே, போனுக்கு அந்தப் பக்கம் நீங்கள் படுகிற பாட்டை இந்தப் பக்கம் நான் படுகிறேன். நானும் ஸ்கூட்டிக்குத் தவணை கட்டுகிறவள்தான். ஆகவே நாம் ஒரே சாதி.

ஒரு காலத்தில் எங்கள் தொழிலைக் கேட்பார் கிடையாது. பிறகு மேலிடத்திலிருந்து, அதாவது வங்கிகளையே கட்டி மேய்க்கிற இடத்திலிருந்து, விதிகள் வந்தன. கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் எல்லாவற்றையும் தாளில் போட்டுக் கொடு. வாசித்துக் காட்டு. மிரட்டாதே. நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிடாதே. வீட்டு வாசலில் போய் நிற்காதே. எல்லாமே நியாயமான விதிகள். அதுதான் தொல்லை. அநியாயமான விதி என்றால் நாலு பேரோடு சேர்ந்து திட்டலாம், நியாயமான விதியைத் தனியாக நின்றுதான் திட்ட வேண்டியிருக்கிறது.

பழைய பொய்யே பரவாயில்லை

எங்கள் கூட்டம் நடப்பது ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் பட்டறையின் கொட்டகையில். பன்னிரண்டு பெண்கள். வருடம் முழுக்க அங்கே கூலி வேலை. கார்த்திகைக்கு இரண்டு மாதம் முன்னால் மட்டும் சொந்தமாக அகல் விளக்கு போடுவார்கள். மண் வாங்க வேண்டும், பட்டறைக்காரரின் சூளையில் தங்கள் விளக்குக்கு இடம் பிடிக்க முன்பணம் கட்ட வேண்டும். அதற்குத்தான் எங்கள் கடன். நான் சாப்பாட்டு நேரத்தில் போவேன். அவர்கள் கை நிற்காது. ஒரு கையில் அச்சிலிருந்து எடுத்த அகல், இன்னொரு கையில் ஈர ஸ்பாஞ்சு. ஓரத்துப் பிசிறைத் துடைத்துப் பலகையில் அடுக்கிக்கொண்டே காது கொடுப்பார்கள்.

விதிப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாசிக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் ஒரே கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது தனித்தனியாக என்றால் என்ன அர்த்தம்? முதல் ஆளுக்கு முழுக்க வாசித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஓரடி நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த ஆளுக்கு அதையே முதலிலிருந்து வாசிப்பது என்று அர்த்தம். மூன்று நாள் சாப்பாட்டு நேரம் இதிலேயே போனது. வரிசையில் கடைசி ஆள் செல்லக்கிளி, கம்மாபுரம் பக்கத்திலிருந்து வருகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சும் அளந்துதான். அவள் முறை வந்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. அவள் மட்டும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டே தலையாட்டிக் கேட்டாள்.

விதி வந்த புதிதில் வட்டியாலும் ஒரு கலாட்டா. முன்பெல்லாம் முதலில் கொடுத்த முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போட்டுவிட்டு, அதை ஒரு சின்ன எண்ணாக வாயால் சொல்லிவிடுவோம். இப்போது அசல் குறைவதையும் கணக்கில் எடுத்து, உண்மையான ஆண்டு வட்டியைத் தாளில் போட வேண்டும். அப்படிப் போட்டால் அதே கடனுக்கு எண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கட்டுகிற தவணையில் ஒரு ரூபாய் மாற்றமில்லை, தாளில் எண் மட்டும் வீங்கிவிட்டது. குழுத் தலைவி ஸ்டெல்லா கையிலிருந்த அகலைக் கீழே வைத்தாள். மாதா கோயில் தெருக்காரி. பட்டறை மோட்டார் ஓடும்போதும் அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். ஈர மண்ணில் விரலால் கோடு போட்டு அரை மணி நேரம் அவளுக்குக் கணக்குச் சொன்னேன். முழுக்கப் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு சொன்னாள்: "அப்ப போன வருசம் சொன்னது பொய்யி. பரவால்ல மேடம், எங்களுக்கு அந்தப் பொய்யையே போட்டுக் குடுங்க. கேக்கவாவது நல்லாருந்துச்சு."

விதி யாருக்கு

காலை ஒன்பதுக்கு முன்னால் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது. மாலை ஆறுக்குப் பின்னாலும் கூடாது. பொதுவாகப் பேசி வைத்த இடத்தில்தான் தவணை வாங்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை அந்த இடத்துக்கு வராமல் போனால்தான் வீட்டுப் பக்கமே போகலாம். இதைக் கொட்டகைத் தூணில் அட்டையாக ஒட்டியும் வைத்தோம். நான் அந்த அட்டைக்குப் பயந்தவள். ஒரு தடவைகூட மீறியதில்லை.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. என் வீட்டுக்காரர் வாயில் பல்பொடியோடு கதவைத் திறந்தார். ஸ்டெல்லா தலைமையில் நாலு பேர். கடன் எப்போது வரும் என்று கேட்டுப் போக வந்திருக்கிறார்கள், வேலைக்குப் போனால் நேரம் கிடைக்காதாம். முந்தைய நாள் ராத்திரி எட்டரைக்குக் குழுவில் இன்னொருத்தி, மல்லிகா, போனில் கேட்டதும் இதே கேள்விதான். என் வீட்டுக்காரர் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்பது மணிக்கு முன்னால் வரக் கூடாது என்று ஏதோ அட்டை ஒட்டியிருக்கிறதாமே என்று அப்பாவியாகக் கேட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க வூட்டுக்கு நீங்கதான் வரக்கூடாதுன்னு போட்டிருக்குது மேடம். உங்க வூட்டுக்கு நாங்க வரக்கூடாதுன்னு எங்க போட்டிருக்குது?"

ஆடும் புகார் எண்ணும்

அந்த அட்டையின் அடியில் புகார் எண் ஒன்றும் உண்டு. கட்டணமில்லாத எண், எந்தக் குறை என்றாலும் கூப்பிடலாம். மல்லிகா கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு ஆடு அவளுடைய முருங்கைக் கன்றை மேய்ந்துவிட்டது என்று புகார். தலைமை அலுவலகத்தில் போனை எடுத்த பெண் பாவம், குறுக்கே பேசக் கூடாது என்று பயிற்சி கொடுக்கப்பட்டவள். முழுக்கக் கேட்டுக்கொண்டு பதிவும் செய்துவிட்டாள். 'உங்கள் புகார் பெறப்பட்டது' என்று எண்ணோடு ஒரு குறுஞ்செய்தி மல்லிகாவின் போனுக்கு வந்தது. மல்லிகா அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினாள். அன்று சாயங்காலமே ஆட்டைக் கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் கூட்டத்தில் மல்லிகா எழுந்து நின்று சான்றிதழ் கொடுத்தாள்: "அந்த நம்பரு நல்லா வேல செய்யுது மேடம். கடன் விசயத்துக்குத்தான் இன்னும் போட்டுப் பாக்கல."

மூன்று கேள்வி, பத்துக் கேள்வி

தாளை வாசித்து முடித்தாலும் கடன் வந்துவிடாது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு பெண்ணையும் போனில் கூப்பிட்டுப் பத்துக் கேள்வி கேட்பார்கள். தாளை வாசித்துக் காட்டினார்களா, வட்டி எவ்வளவு என்று சொன்னார்களா, உங்கள் விருப்பத்தின் பேரில்தான் வாங்குகிறீர்களா என்று போகும். கள அலுவலர் ஏமாற்றியிருந்தால் பிடிபட வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. பத்துக்கும் 'ஆமாம்' என்று வந்தால் கடன் உண்டு. முதல் வருடம் எங்கள் பெண்கள் மனசு விட்டுப் பேசினார்கள். 'வாசிச்சாங்க, ஆனா நாங்கதான் சீக்கிரம் முடிங்கன்னு சொன்னோம்' என்றாள் ஒருத்தி. அந்த 'ஆனா'வுக்காகப் பன்னிரண்டு பேரின் கடனும் இரண்டு வாரம் நின்றது. சூளையில் அவர்கள் இடத்தை வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். பாதி விளக்குகள் கார்த்திகை முடிந்துதான் வெந்து வந்தன. கார்த்திகைக்கு மறுநாள் அகல் விளக்கை யார் வாங்குவார்கள்?

அதனால் இந்த வருடம் நானே ஒரு காரியம் செய்தேன். அது தப்பு என்று தெரிந்துதான் செய்தேன். போனில் எது கேட்டாலும் 'ஆமாங்க' என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். வாய்விட்டு ஒத்திகையும் பார்த்தோம். நான் தலைமை அலுவலகத்துக் குரலில் கேட்பேன், கொட்டகையே 'ஆமாங்க' என்று பதில் சொல்லும். பத்து முடிந்ததும் ஸ்டெல்லா பெருமூச்சு விட்டாள்: "கல்யாணத்துக்கே சாமியார் மூணு கேள்விதான் கேட்டாரு மேடம். அதுக்கு ஆமான்னு சொன்னதையே நான் இன்னும் அனுபவிச்சிக்கிட்டு இருக்கேன்."

பன்னிரண்டு சாட்சிகள்

எங்களைப் போல இன்னும் பல ஊர்களில் ஒத்திகை நடந்திருக்கும்போல. தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புத்திசாலி, பத்துக் கேள்விகளில் மூன்றைத் திருப்பிப் போட்டுவிட்டார். எங்களுக்குச் சொல்லவில்லை. ஏழாவது: தாளில் இருப்பதைத் தவிர வேறு பணம் ஏதும் கேட்டார்களா? எட்டாவது: மிரட்டினார்களா? ஒன்பதாவது: நேரங்கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்தார்களா?

கிளை மேலாளர் பிரவீன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பதிவுகளை ஓட விட்டார். என் மகனாக இருக்க வேண்டிய வயது, ஆனாலும் மரியாதையான பிள்ளை. முதலில் ஸ்டெல்லா. வேறு பணம் கேட்டார்களா? ஆமாங்க. மிரட்டினார்களா? ஆமாங்க. வீட்டுக்கு வந்தார்களா? ஆமாங்க, ஆமாங்க. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அடுத்தது மல்லிகா, அவள் குரலில் தேன் சொட்டியது. இப்படியே பதினொரு பேர். பன்னிரண்டாவது செல்லக்கிளியுடையது. அதைப் போட வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். தூக்கு மாட்டப் பதினொரு முழக் கயிறு போதாதா?

பணம் கேட்டதாக முடிவானால் வேலை போகும், இந்தத் தொழிலில் வேறு எந்தக் கம்பெனியும் பக்கத்தில் சேர்க்காது. இல்லை, நான்தான் ஆமாங்க சொல்லச் சொன்னேன் என்று உண்மையைச் சொன்னாலும் வேலை போகும், அதுவும் குற்றம்தான். என் பெண் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வீட்டுக்காரரின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருக்கும். எனக்கு அழுகை வந்தது, அழவும் செய்தேன். பிரவீன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார், அதுவரை கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்றார். பன்னிரண்டு பேரின் கடனும் அதுவரை நிறுத்தம். பிறகு உண்மையான வியப்போடு சொன்னார்: "ஒருத்தர் ரெண்டு பேர் சொல்லிருந்தா ஏதோ கோவத்துல சொன்னாங்கன்னு எழுதலாம். ஏழாவது கேள்விக்குப் பன்னண்டு பேரும் ஆமாங்கறாங்களே மேடம், இவ்ளோ ஒத்துமையான குழுவ நான் பாத்ததே இல்ல."

ஆறுதல்

மறுநாள் காலை, சரியாக ஆறு மணிக்கு, மறுபடி கதவு தட்டப்பட்டது. விஷயம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டெல்லா கொதித்துப் போயிருந்தாள். கேள்வியைத் திருப்பிப் போட்டால் சொல்லிவிட்டுப் போட வேண்டாமா, அது என்ன பிள்ளைகளிடம் விளையாடுகிற விளையாட்டு என்று அரை மணி நேரம் திட்டினாள். சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இந்த வருடமும் சூளையில் இடம் கிடையாது என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது. என்னால் அவர்களுக்கும் நஷ்டம் என்று நினைத்தபோது, என் வேலையைவிட அது அதிகமாக வலித்தது. ஆய்வாளர் வந்து கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், இனிமேல் ஒத்திகையே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம் மேடம். இந்த வாட்டி நாங்களே பேசி வச்சிட்டோம்."

ஆய்வாளர் வந்த நாள்

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் நாலு பேனா. கொட்டகையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நானும் பிரவீனும் ஓரமாக நின்றோம். பெண்கள் வழக்கம்போல அகலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். இந்த மேடம் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டார்களா? இல்லீங்க. மிரட்டினார்களா? இல்லீங்க. எனக்கு உயிர் வந்தது. தாளை வாசித்துக் காட்டினார்களா? இல்லீங்க. வந்த உயிர் திரும்பிப் போனது. எங்கள் கம்பெனியில் கடன் கேட்டிருக்கிறீர்களா? இல்லீங்க. ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்கள் பெயர் ஸ்டெல்லாதானே என்றார். அதற்கும் அவள் இல்லீங்க என்றாள்.

இதற்கு மேல் தாங்காது என்று நானே முன்னால் போய் நின்றேன். சார், போனில் ஆமாங்க சொல்லச் சொன்னது நான்தான், இவர்கள் என்மேல் உள்ள பிரியத்தில் இன்றைக்கு இப்படிச் சொல்கிறார்கள் என்றேன். அவர் முகம் மாறவில்லை. அப்படியானால் தாளை வாசித்ததும் பெயரளவுக்குத்தானே என்று கேட்டார். இல்லை சார், பன்னிரண்டு தடவை வாசித்தேன் என்றேன். எந்தத் திருடனும் இப்படித்தான் சொல்வான் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த செல்லக்கிளியைக் கை காட்டினார். நீ சொல்லும்மா, தாளில் என்ன இருக்கிறது?

செல்லக்கிளி ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். அடுத்த அகலை எடுத்தாள். சொல்ல ஆரம்பித்தாள். கடன் தொகை, ஆண்டு வட்டி, தவணை எத்தனை, முன்கூட்டியே முடித்தால் அபராதம் கிடையாது, மனசு மாறினால் எத்தனை நாளில் வேண்டாம் என்று சொல்லலாம், எல்லாம் வரிசையாக, என்னுடைய ராகத்திலேயே வந்தது. 'திருப்பிச் செலுத்தும் கால அட்டவணை' என்ற இடத்தில் எனக்கு எப்போதும் நாக்கு தடுக்கும். அவளும் அங்கே தடுக்கினாள். கடைசி வரியையும் விடவில்லை: இந்தத் தாளில் குறிப்பிடப்படாத எந்தக் கட்டணமும் கடன் பெறுபவரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கப்பட மாட்டாது. சொல்லி முடித்தபோது பலகையில் ஆறு அகல் கூடியிருந்தது.

ஆய்வாளர் சிரித்தேவிட்டார். போதும் என்றார். வாசித்தது நிரூபணமாகிவிட்டது, கேள்வி மாறியது புரியாமல் பன்னிரண்டு பேரும் ஆமாங்க சொல்லிவிட்டார்கள் என்று எழுதி முடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. அப்போது செல்லக்கிளி சொன்னாள், மற்றவர்களுக்குத்தான் புரியவில்லை, தனக்குப் புரிந்தது என்று.

கொட்டகையில் ஸ்பாஞ்சுகளெல்லாம் நின்றன. ஆய்வாளர் தன் போனில் பன்னிரண்டாவது பதிவைத் தேடி ஓட விட்டார். நான் கேட்க மறுத்த பதிவு. வேறு பணம் கேட்டார்களா? ஆமாங்க. மிரட்டினார்களா? இல்லீங்க. நேரங்கெட்ட நேரத்தில் வந்தார்களா? இல்லீங்க. அவள் ஒத்திகைப்படி சொல்லவே இல்லை. கேள்வியைக் கேட்டு, யோசித்து, பதில் சொல்லியிருக்கிறாள்.

அது என்ன வேறு பணம் என்று அவர் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கடன் விண்ணப்பத்தோடு ஒரு மஞ்சள் படிவம் வைப்போம். ஆஸ்பத்திரி அட்டை, காட்டினால் செலவில் கொஞ்சம் தள்ளுபடி. எங்கள் கம்பெனியின் ஏற்பாடு. அதற்கான காசைக் கடனிலேயே பிடித்துக்கொள்வார்கள், தாளில் அது வராது. மாதத்துக்கு இத்தனை அட்டை என்று எங்களுக்கு இலக்கு உண்டு. 'இது எல்லாருக்கும் உண்டு, இங்கே ஒரு கையெழுத்து' என்று சொல்லி, தாளை வாசித்த அதே வாயால், ஒரு வரிகூட வாசிக்காமல் பன்னிரண்டு பேரிடமும் வாங்கியிருந்தேன். செல்லக்கிளியிடம் பெருவிரலைப் பிடித்து வைத்து வாங்கினேன். வெட்கமாக இருந்தது. வேலை போனாலும் தேவலை, அந்த மஞ்சள் தாளை அவள் ஞாபகம் வைத்திருக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. செல்லக்கிளி கோபமே இல்லாமல் ஆய்வாளரிடம் சொன்னாள்: "வேற காசு கேட்டாங்களான்னு கேட்டாங்க, மஞ்சத் தாளுக்குப் போன வருசமே காசு புடிச்சாங்க, ஆமாங்கன்னேன். மேடம் மிரட்டலீங்க, வூட்டுக்கும் வரலீங்க, இல்லீங்கன்னேன். இருக்கறதத்தான சொல்லச் சொன்னீங்க?"

மிச்சம்

ஆய்வாளர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். மஞ்சள் தாளை என் தலையில் எழுதினால் கம்பெனியின் தலையிலும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எல்லாக் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொன்ன ஒரே ஆளின் பதிவு அவர் போனிலேயே இருக்கிறது. கடைசியில் பன்னிரண்டு மஞ்சள் படிவங்களையும் என்னிடமிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். இது தாளில் இல்லை, அதனால் இந்தக் கடனில் பிடிக்கப்பட மாட்டாது என்றார். தாள் முறைப்படி வாசிக்கப்பட்டது, மிரட்டல் இல்லை, நான் எனக்கென்று பணம் கேட்கவில்லை, ஒத்திகை பார்த்ததற்கு எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான் அறிக்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடன் வந்தது, சனிக்கிழமை காலை சூளைக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள்.

அவர் கிளம்பும்போது செல்லக்கிளி இன்னொன்றும் கேட்டாள். போன வருடக் கடனில் அட்டைக்குப் பிடித்த காசு? ஆய்வாளர் நின்றார். தனக்கு அதில் அதிகாரம் இல்லை, வேண்டுமானால் முறைப்படி புகார் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பைக்கில் பிரவீனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தூணில் இருந்த அட்டையைக் காட்டினாள்: "அந்த நம்பருக்குப் போடு கிளி. ஆட்டையே கட்ட வச்சிட்டாங்க, இதுக்கென்ன?"

பன்னிரண்டு பேரும் போட்டார்கள், காசும் திரும்பி வந்தது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் சொல்லிக்கொடுத்த பதினொரு ஆமாங்க என் வேலையைத் தின்னப் பார்த்தன, சொல்லிக்கொடுக்காத ஒரே ஒரு ஆமாங்கதான் என் மானத்தை வாங்கிக்கொண்டு வேலையைத் திருப்பிக் கொடுத்தது.